தொட்டில் இரண்டு, கை எத்தனை?

ஒரு வீட்டிற் பிள்ளை பிறந்தால் அயலார் கேட்கும் முதற்கேள்வி, "ஆணோ, பெண்ணோ?" என்பதாகும். இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டிலோ அக்கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. "ஆர் பாக்கிறது?" என்பதே அங்கு முதற்கேள்வி. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது இல்லத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் ஒரே நாளிற் பிறந்தபோது, வாழ்த்த வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்தோடு இந்தக் கேள்வியையும் எமது விறாந்தையில் வைத்துவிட்டே சென்றனர். அதற்கு விடை காண ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. அந்நான்கு மாதங்களிற் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறோம். கற்றவற்றுட் சில பிள்ளை வளர்ப்பைப் பற்றியவை; மிகுதி எம்மைப் பற்றியவை.

நாம் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். எதையும் கொப்பியிற் கோடிட்டு எழுதிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எம்மை விட்டு நீங்குவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை போட்டோம். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதற் பன்னிரண்டு தடவை வரை பால் குடிக்கும். இருவருக்கும் பத்துப் பத்தென்று கொண்டால் இருபது தடவை. ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம் என்று வைத்தாலும் பத்து மணித்தியாலங்கள் பாலூட்டுவதிலேயே கழியும். அதன்மேல் பிள்ளையைத் தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல், துணி மாற்றுதல், தோய்த்தல், குளிப்பாட்டுதல், உறங்க வைத்தல் எல்லாம் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தபோது இருபத்தாறு மணித்தியாலங்கள் வந்தன. நாளுக்கு இருபத்துநான்கே உண்டென்பதால் எங்கோ பிழை விட்டுவிட்டோம் என்றெண்ணி மீண்டும் கூட்டினோம். பிழை கணக்கில் இருக்கவில்லை.

எமது பிள்ளைகள் முப்பத்தாறாவது வாரத்திற் பிறந்தவர்கள். பெண்பிள்ளை இரண்டு கிலோவும் நூறு கிராமும். ஆண்பிள்ளை இரண்டு கிலோவுக்கும் நூறு கிராம் குறைவு. இத்தகைய பிள்ளைகள் பசித்தாலும் எழும்பி அழமாட்டார்கள். நாமே நேரம் பார்த்து எழுப்பிப் பால் கொடுத்தல் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். ஆகவே அவர்கள் உறங்கும் வேளையிலும் எமக்கு உறக்கமில்லை.

முதல் முப்பத்தொரு நாளும் மாமியார் பருத்தித்துறையிலிருந்து வந்து நின்றார். காயச்சரக்கு இடிப்பதும், பத்தியக்கறி காய்ச்சுவதும், பிள்ளைகளைக் காலிற் கிடத்திக் குளிக்கவார்ப்பதும் அவர் பொறுப்பாயின. துடக்குக் கழிந்த மறுநாட் காலையில் அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. இரண்டு முழங்கால்களும் வீங்கியிருந்தன. அறுபத்தெட்டு வயதில் ஒருவர் இவ்வளவு நாளும் தாங்கியதே பெரிது. அவரை வாகனத்தில் ஏற்றியனுப்பிவிட்டு வந்து நின்றபோதுதான் வீடு எவ்வளவு பெரியது என்பதை உணர்ந்தோம்.

எமது தாயார் காலத்திற் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பெரியம்மா, சித்தி, மாமி, மச்சாள் என்று ஆள்மாறி ஆள் வந்துகொண்டிருப்பார்கள். எமக்கும் அந்த உறவுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார், ஒருவர் பாரிசில் இருக்கிறார், எமது தங்கை இலண்டனில் இருக்கிறாள். நாடோறும் தொலைபேசித் திரையில் வந்து பிள்ளைகளைக் கொஞ்சுவார்கள், அறிவுரை சொல்வார்கள், காசும் அனுப்புவார்கள். திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் வாங்கி வைத்திருக்க மட்டும் வழியில்லை.

துணைவியாரும் ஆசிரியையே. அரசாங்க சேவையிலுள்ள தாய்க்குச் சம்பளத்துடன் 84 வேலை நாள்கள் பிரசவ விடுமுறை உண்டு. அதன்பின் வேண்டுமாயின் அரைச் சம்பளத்தில் 84 நாள்கள். அதற்கும் பின் சம்பளமின்றி 84 நாள்கள். தந்தைக்குக் கிடைப்பது மூன்று நாள்கள். அம்மூன்று நாள்களும் ஆசுபத்திரி வாசலிலேயே முடிந்துபோயின. நாம் பகலிற் பாடசாலையில் அட்சரகணிதம் கற்பித்தோம். இரவிற் பிள்ளையோடு நடந்தோம். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டோம். மாணவர்கள் சிரிக்கவில்லை. அதுவே எமக்கு அச்சத்தைத் தந்தது. அன்று மாலையே, "இனி ஒராளைத் தேடத்தான் வேணும்" என்று இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் வீட்டுப்பணிக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒருவரை நாடினோம். அவர் ஒரு மாதச் சம்பளத்தைத் தரகாக முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, இருபத்துநான்கு வயதுள்ள ஓர் இளம்பெண்ணை அனுப்பினார். முதியோரைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற அவர், வேலையில் ஒழுங்கும் தூய்மையும் உடையவர். பத்தாம் நாள் கடவுச்சீட்டு வந்துவிட்டதென்று விடைபெற்றுக்கொண்டார். குவைத்தில் ஒரு வீட்டிலே மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் வேலையாம். எமது பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் வேறொரு நாட்டாரின் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். அவரைக் குறைசொல்ல எமக்கு வாயில்லை. அங்கு கிடைக்கும் சம்பளத்தை எம்மாற் கொடுக்க முடியாது. முகவர் வேறோர் ஆளை அனுப்புவதாகச் சொன்னார். வரப்போகிறவர் யார், எங்கிருந்து வருகிறார், பிள்ளை தூக்கிப் பழகியவரா என்று கேட்டபோது, "ஆள் வரும் சேர்" என்பதற்கு மேல் அவரிடம் விடை இருக்கவில்லை. அரிசி மூட்டைக்குக்கூட எந்த ஊர் அரிசி என்று சொல்வார்கள். அந்த வழியை அத்துடன் விட்டோம்.

அப்போதுதான் நெடுநாட் பழக்கமுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார். வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவருடைய தொழிலன்று. ஓர் ஒத்தாசையாகவே அதனைச் செய்வார். தேநீரைக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாஸ்டர், தோட்டப்பக்கம் ஒரு பிள்ளை இருக்கு. பதின்மூண்டு வயது. தாய் இல்லை. பள்ளிக்கூடமும் விட்டிட்டுது. நல்ல அடக்கமான பிள்ளை. உங்கட பிள்ளை மாதிரி வைச்சிருங்கோ. சம்பளமெண்டு பெரிசாக் குடுக்கத் தேவையில்லை. தேப்பனுக்கு மாசம் ஏதும் அனுப்பினாச் சரி."

இந்த இடத்தில் நாம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "வேண்டாம்" என்று நாம் அப்போது சொல்லவில்லை. துணைவியாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் எமது முகத்தைப் பார்த்தார். இருவரும் இரண்டு மாதங்களாக இரண்டு மணித்தியாலங்கள் சேர்ந்தாற்போல் உறங்காதவர்கள். பதின்மூன்று வயது என்ற சொல் காதில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை. "எப்ப கூட்டிக்கொண்டு வருவியள்?" என்றுதான் கேட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றார்.

அன்றிரவு ஆண்பிள்ளை விடாது அழுதான். தோளிற் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தோம். நடக்கும்போது வாய்ப்பாடு சொல்வது எமது வழக்கம். தாலாட்டுத் தெரியாத தந்தைக்கு வேறு வழியில்லை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழாவது படிக்கு வந்தபோது, நெடுங்காலமாக நினையாத ஒருத்தியின் நினைவு வந்தது.

எமக்கு ஏழு வயதாயிருந்தபோது எமது வீட்டுக்கு ஒரு சிறுமியைக் கூட்டி வந்தார்கள். அவளுக்குப் பத்து வயதிருக்கலாம். அவளுடைய குடும்பம் மலைநாட்டிலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு சிறுமியோ சிறுவனோ இருந்ததை எம் வயதொத்த வாசகர்கள் அறிவர். எமது தங்கை பிறந்தபோது, அவளை இடுப்பில் வைத்திருப்பதே அச்சிறுமியின் முழுநேர வேலையாயிற்று. தங்கையின் எடை கூடக் கூட அச்சிறுமியின் இடுப்பு ஒருபக்கமாகச் சரிந்துகொண்டு போனது. வீட்டில் எல்லாரும் அவளைப் "பெட்டை" என்று அழைத்தோம். அடித்தோம் என்றோ பட்டினி போட்டோம் என்றோ சொல்வதற்கில்லை. தீபாவளிக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். "வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று தாயார் எல்லாரிடமும் சொல்வார். வீட்டுப் பிள்ளை நாம் காலையிற் புத்தகத்துடன் பாடசாலைக்குப் போனோம். வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவள் கிணற்றடிக்குப் போனாள்.

மாலையில் தந்தையார் எமக்கு வாய்ப்பாடு கேட்பார். பிழைவிட்டால் பிரம்பு பேசும். ஒருநாள் பதின்மூன்று ஏழில் தடக்கி நின்றோம். பிரம்பு உயர்ந்தது. கதவு நிலையில் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அவள், "தொண்ணூற்றொண்டு" என்றாள். தந்தையார் திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று எட்டென்று கேட்டார், சொன்னாள். பதினாறு ஒன்பதென்று கேட்டார், அதையும் சொன்னாள். கொப்பியோ பென்சிலோ தொடாமல், நாம் பாடமாக்கியதைக் கதவடியில் நின்று கேட்டே எல்லாவற்றையும் படித்திருந்தாள். தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். பிறகு, "போய்ப் பிள்ளைக்குப் பால் ஆத்து" என்றார். அவரும் ஓர் ஆசிரியரே.

1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தால் தங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளும் அவளே. கொடிகாமத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். சில வாரங்களில் அவளுடைய தமையன் தேடிவந்து, கிளாலி வழியாக வன்னிக்குக் கூட்டிச் சென்றான். அதன்பின் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மகன் எப்போது உறங்கினான் என்பது எமக்குத் தெரியவில்லை. உள்ளே போனபோது துணைவியார் விழித்திருந்தார். அவரிடம் இக்கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே:

"எங்கட ரெண்டு பிள்ளையளுக்காக இன்னொராளின்ர பிள்ளையையே?"

மறுநாட் காலை அந்த அன்பருக்குத் தொலைபேசியெடுத்து, வேண்டாமென்றோம். சட்டத்தையும் சொன்னோம். இந்நாட்டிற் கட்டாயக் கல்விக்குரிய வயது 2016ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்துவதற்குரிய குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டில் 16 ஆயிற்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் எடுக்காட்டி வேற வீட்டுக்குப் போகும். அங்க எப்பிடி நடத்துவாங்களோ. உங்களிட்டையெண்டா ரெண்டெழுத்துப் படிச்சிருக்கும்" என்றார். அவர் வாதத்தில் உண்மை இல்லையென்று எம்மாற் சொல்ல முடியவில்லை. ஆயினும் முப்பது வருடங்களுக்கு முன்பு எமது வீட்டுக்கு அச்சிறுமியைக் கூட்டிவந்தவரும் இதையேதான் சொல்லியிருப்பார். பிள்ளையின் தகப்பனோடு பேச ஒழுங்கு செய்யும்படி கேட்டோம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவித்தோம். எமக்கு அவளுடைய பெயரும் தெரியாது, தோட்டத்தின் பெயரும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னோம். அச்சிறுமி இன்று எங்கே இருக்கிறாள் என்ற எண்ணம் எம்மை விட்டுப் போகவில்லை.

கார்த்திகை மாத இறுதியில், பிள்ளைகளின் எடை பார்க்க வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் எமது நிலையைக் கண்டு ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயது, கணவரை இழந்தவர், வெங்காயத் தோட்டங்களிற் கூலிவேலை செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், இப்போது குனிந்து களையெடுக்க முதுகு இடங்கொடாதவர்.

அவரைச் சந்திக்குமுன் நாம் பன்னிரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தோம். அவர் துவிச்சக்கர வண்டியைப் படலையடியிற் சாத்திவிட்டு வந்து விறாந்தைப் படியில் அமரப் போனார். "கதிரையில இருங்கோ அக்கா" என்றோம். அரைக் கதிரையில் அமர்ந்தார். எமது கேள்விகளுக்கெல்லாம் ஒருசொல், இருசொல்லில் விடை சொன்னார். பின், "நானும் கேக்கலாமோ, தம்பி?" என்றார். கேளுங்கள் என்றோம்.

"எத்தினை மணிக்கு விடுவியள்? வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவேணும்; அண்டைக்கு வரேலாது, அதுக்கு என்ன செய்வியள்? மற்றது, ரெண்டும் ஒண்டா அழுதா, நான் ஆத்திறதோ, தாயிட்டக் குடுக்கிறதோ?"

எமது பன்னிரண்டு கேள்விகளிலும் பிள்ளை ஒரு தடவையாவது அழவில்லை. அவருடைய மூன்றாவது கேள்வியில் இரண்டு பிள்ளைகளும் அழுதன. கேள்விக் கொப்பியை மூடிவிட்டோம்.

அவரை அமர்த்திய செய்தி அடுத்த வளவிலிருக்கும் பெரியம்மாவுக்கு எட்டியது. அவர் வந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவ எந்தப் பகுதி ஆக்கள்?" யாழ்ப்பாணத்தாருக்கு இக்கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பொது இடங்களிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென்று 1957ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் படலை வரைதான் வரும், குசினிக்குள் வருவதில்லை. "பெரியம்மா, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடுவா. அது போதும்" என்றோம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா முதல்நாள் வேலைக்கு வந்தபோது, அவருடைய பையில் ஓர் எவர்சில்வர்ப் பேணி இருந்தது. தேநீர் கொடுத்தபோது அந்தப் பேணியை நீட்டினார். எமக்கு முதலிற் புரியவில்லை, துணைவியாருக்குப் புரிந்தது. வேறு வீடுகளிற் பட்ட அனுபவத்தில், எமக்குச் சங்கடம் வராமல் அவரே முந்திக்கொண்டிருந்தார். துணைவியார் ஒன்றும் பேசாமல், வீட்டிலுள்ள கோப்பைகள் மூன்றில் தேநீரை ஊற்றி, ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் நடுவில் வைத்தார். பேணி மூன்று நாள்கள் பையிலேயே வந்து போனது. நான்காம் நாள் வரவில்லை.

முதல் வாரத்தில் நாம் ஒரு பெரும் பிழை செய்தோம். பிள்ளைகளைப் பார்க்கத்தானே ஆள் எடுத்தோம் என்றெண்ணிப் பிள்ளைகள் இருவரையும் அக்காவிடம் ஒப்படைத்தோம். துணைவியார் எழுந்து சமையலையும் தோய்ப்பையும் பார்த்தார். நான்காம் நாளே பால் குறைவது போலத் தோன்றிற்று. ஒரு மாலை அவர் அடுப்படியில் நின்று அழுதார். குடும்பநல உத்தியோகத்தர் வந்தபோது கேட்டார்: "சமையலை வேற ஆளும் செய்யலாம். பாலை வேற ஆர் குடுக்கிறது?" அன்றே வேலைகளை மாற்றினோம். சோறும் கறியும், துணி தோய்ப்பதும், வீடு கூட்டுவதும் அக்காவுக்கு; பிள்ளைகள் தாய்க்கு. இரண்டும் ஒன்றாக அழும்போது மட்டும் ஒன்று அக்காவின் தோளுக்குப் போகும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை எமது முறை. தாய் கறந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, சிறுகோப்பையாற் பருக்கக் கற்றுக்கொண்டோம். அந்த நான்கு மணித்தியாலங்களும் துணைவியார் தடையின்றி உறங்கினார். ஒரே வாரத்தில் வீட்டின் முகம் மாறியது. உதவிக்கு ஆள் எடுப்பது பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்குவதற்கு என்று எண்ணியிருந்தோம். தாயை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்துப் பிள்ளையிடம் சேர்ப்பதற்கே என்று அறிய, ஒரு வாரக் கண்ணீர் செலவாயிற்று.

அக்காவுக்கும் எமக்கும் கருத்து வேறுபாடு வராமலில்லை. பிள்ளைக்குக் கொதித்தாறிய நீர் கொடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், நீரும்கூட, வேண்டாம் என்பது மருத்துவர் விதி. பிள்ளையை மல்லாக்கக் கிடத்தியே உறங்க வைக்கவேண்டும் என்றதும் அவருக்குப் புதிது. "நான் நாலையும் அப்பிடித்தான் வளத்தனான்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா இது உங்கட பிள்ளையள். நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்" என்றார். சொன்னபடியே செய்தார். தனக்குத் தெரிந்ததை மறைக்காமற் சொல்லவும், சொன்னபின் பெற்றாரின் முடிவுக்கு இடங்கொடுக்கவும் வல்ல ஒருவர் கிடைப்பது அரிது. ஆள் தேடுவோர் வயதையும் பலத்தையும் பார்ப்பதோடு இந்தக் குணத்தையும் பார்க்கவேண்டும் என்பது எமது துணிபு. அதனை அறிவதற்கு ஒரு வாரமேனும் வீட்டிலிருந்து, கூட நின்று பார்த்தல் வேண்டும். நற்சான்றுக் கடிதத்தில் அது இராது.

எமது கடமைகளையும் ஒரு கொப்பியில் எழுதினோம். காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை வேலை. வெள்ளிக்கிழமை ஓய்வு; அன்று சமையலும் தோய்ப்பும் எம்முடையவை. எமக்குச் சம்பளம் வரும் நாளிலேயே அவருக்கும் சம்பளம். நோய் வந்து நின்றாற் குறைப்பில்லை. நேரம் கடந்தால் அதற்குத் தனியாகக் காசு. இதனைப் படித்துக் காட்டியபோது அக்கா சிரித்தார், "இதுக்கெல்லாம் கொப்பியோ, தம்பி?" என்றார். எழுதாததை மறப்பது எளிது. வீட்டு வேலையாளைப் பதிவு செய்வதற்கு இந்நாட்டில் 1871ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டிற் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டபோது வீட்டுப் பணியாளர் அதனுள் அடங்கவில்லை. வேலையாளைப் பற்றி எழுதிவைக்கும் கொப்பி 150 வருடங்களுக்கு முன்பே திறக்கப்பட்டது. வேலையாளுக்காக எழுதும் கொப்பியை ஒவ்வொரு வீடும் தானே திறக்கவேண்டியிருக்கிறது.

மார்கழியில் நான்காம் மாதத் தடுப்பூசி போட்ட அன்றிரவு பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. அக்கா நான்கு மணிக்குப் போகவேண்டியவர், மழையும் பிடித்துக்கொண்டது. அவரை நிற்கச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. கொப்பியில் எழுதியவர்கள் நாமே. அப்போது பெரியம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தார். பின் அக்காவைப் பார்த்து, "பிள்ளை, இண்டைக்கு ஒருநாள் நில்லன். நானும் நிக்கிறன்" என்றார். அக்கா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டு நின்றார். நள்ளிரவில் நாம் எழும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு பாயில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, மடியில் ஆளுக்கொரு பிள்ளையோடு, வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். பெரியம்மா மாறிவிட்டார் என்று சொல்லமாட்டோம். "எந்தப் பகுதி" என்ற கேள்வி அவரிடம் இன்னும் இருக்கிறது. அதன்பின் அதனை எமது வீட்டிற் கேட்கவில்லை.

இப்போது பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். துணைவியார் பாடசாலைக்குப் போகிறார். அக்கா வருகிறார். இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டார் எம்மிடம் வந்து, "நம்பக்கூடிய ஆள் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பதுண்டு. "ஆளைத் தேடுமுன், அவர் வரப்போகிற உங்கள் வீட்டை ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக் காட்டுவோம்.

அந்தக் கொப்பியின் முதல் வரியில் அக்காவின் முழுப்பெயர் இருக்கிறது. அதனை எழுதிய நாளிலிருந்து ஒரு விடயம் எம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு வருடங்களுக்குச் சற்றுக் குறைவாக எம்மோடு ஒரே கூரையின் கீழிருந்த அச்சிறுமியின் பெயர் என்ன? தாய் தந்தையர் இன்று இல்லை. பெரியம்மாவிடம் கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, "பெட்டை எண்டுதானே கூப்பிட்டனாங்கள்" என்றார். இலண்டனிலுள்ள தங்கையிடம் கேட்டோம். அவள் இடுப்பிலேயே வளர்ந்தவள், நாவற்குழிப் பாலத்தை அவள் கையில் கடந்தவள். தங்கைக்கும் தெரியவில்லை.

"நான் அவவை அக்கா எண்டுதானே கூப்பிட்டனான், அண்ணா" என்றாள்.

எமது வீட்டில் அவளை அப்படி அழைத்தவள் தங்கை ஒருத்தியே. அப்போது அவளுக்கு ஐந்து வயது.